கரண்டிமூக்கனுக்கு ஒரு சாட்சி

எங்கள் மெஸ்ஸில் தொங்கிய நாட்காட்டி சென்னையில் அச்சானது. மாசி பிறந்ததும் அது பின்பனிக்காலம் என்று அறிவிக்கும். அதன் கீழே உட்கார்ந்து, பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள, நாங்கள் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருப்போம். சிங்கப்பூரில் பனி என்றால் ஐஸ் கச்சாங் கடையில் சீவிக் கிண்ணத்தில் போட்டுத் தருவதுதான். ஆனாலும் இந்த ஊருக்கும் ஒரு பின்பனிக்காலம் உண்டு என்று அந்த மேசையில் நம்பியவன் நான் ஒருவன். எங்கோ சைபீரியாவில் ஒரு குளம் உறைந்தால், அந்தச் செய்தி இறக்கை கட்டிக்கொண்டு சிராங்கூன் ஆற்றுச் சேற்றில் வந்து இறங்கும். மாசி முழுக்க அங்கேயே மேய்ந்து கொழுத்து, பங்குனியில் கிளம்பிப் போகும். குளிர்காலம் எங்களுக்கு வராது. குளிர்காலத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் வருவார்கள். நாங்களும் வேறு எதற்கோ பயந்து ஓடிவந்தவர்கள்தான் என்பதால் எனக்கு அவர்கள்மேல் ஒரு பிரியம்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தாதான். மலாய்க் காற்றுப் பட்டதும் குமாஸ்தாவுக்கு அப்படி ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், மசாலா அரைக்கும் கடையின் மாடியில், பலகைத் தடுப்புப் போட்ட அறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தும்மினால் இந்தப் பக்கம் நான் முகம் துடைத்துக்கொள்ளலாம். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். எல்லாமே ஓரளவு உண்மை.

வார நாட்களில் தனிமைக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அது சவரம் செய்துகொண்டு வந்து எதிரே உட்காரும். சாலை முழுக்க ஆட்கள் இருப்பார்கள். பூக்கடையில் கூட்டம், கோயிலில் கூட்டம், தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கக் கூட்டம். எல்லாரும் யாருக்காகவோ எதையோ வாங்கிக்கொண்டு எங்கோ போவார்கள். நான் ஒரு செய்தித்தாளை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவேன்.

பறவை பார்க்கத் தொடங்கியது ஞானத்தால் அல்ல. ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், தம் நாற்காலியை இன்னொரு வெள்ளைக்காரருக்கும் தம் பழைய பைனாகுலரை எனக்கும் விட்டுப்போனார். அதன் ஒரு குழாயில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இடது கண்ணால் பார்த்தால் உலகமே மார்கழி விடியற்காலை மாதிரி இருக்கும். வலது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு காலையில் பஸ் ஏறி, சாலையின் மறுகோடிக்குப் போய், இறால் குட்டைகளைத் தாண்டி, கண்டல் மரங்களுக்கு இடையே நடந்தால் ஆறு கடலில் சேரும் சேறு வரும். சிராங்கூன் என்ற பெயரே அந்தச் சதுப்பில் ஒரு காலத்தில் திரிந்த பெரிய நாரையின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஒரு பறவையின் பெயரில் கடை வைத்து, கோயில் கட்டி, சண்டை போட்டு வாழ்ந்துகொண்டிருந்த எங்களுக்கு, காக்காய்க்கு மேல் ஒரு பறவை தெரியாது.

பிறகு ஒரு பறவைச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தேன். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், சில சீன ஆசிரியர்கள், ஓரத்தில் நான். தலைவர் ஒரு பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த ஆங்கிலேயர். வழுக்கைத் தலை, பறவையைப் பார்க்கும்போது மட்டும் குரலை உயர்த்தாமல் கத்தத் தெரிந்தவர். பின்பனி முடியும்போது சங்கம் ஒரு சிற்றிதழ் போடும். அந்தக் குளிர்காலத்தில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சுற்றுத் தீவுகளிலும் தென்பட்ட அபூர்வப் பறவைகள் எல்லாம் அதில் வரும். அதில் என் பெயரில் ஒரு பறவை வர வேண்டும் என்பது என் ஆசை. வேறு எந்தப் பத்திரிகையிலும், கல்யாணப் பத்திரிகை உட்பட, என் பெயர் வர வாய்ப்பில்லாத காலம் அது.

சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது. முந்தைய தலைமுறை, அபூர்வமான பறவையைக் கண்டால் சுட்டுக் கொண்டுவந்து மேசையில் போடும், பறவையே சாட்சி. சுடுவது நின்றுபோன பிறகு வேறு வழி வேண்டியிருந்தது. ஆகவே அபூர்வப் பறவையென்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், இருவரும் தனித்தனியே வருணிக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நியாயமான விதி. அது யாருக்கெல்லாம் நியாயமாகப் பட்டதோ அவர்கள் எல்லாம் ஜோடியாக இருந்தார்கள். மூவார் பக்கத்துத் தோட்டத்துரைக்கு ஒரு துரைசாணி இருந்தாள். கலங்கரை விளக்கத்தில் எப்போதும் இரண்டு காவலர்கள் இருப்பார்கள். ஜொகூரிலிருந்து எழுதிய கன்னியாஸ்திரிகள்கூட இரண்டு பேர். அபூர்வப் பறவைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவை குடும்பஸ்தர்களாகப் பார்த்துத்தான் முன்னால் வந்து நின்றன.

அந்த மாசியில் ஒரு ஞாயிறு, நீர் வற்றிய சேற்றில் சிட்டுக்குருவி அளவு உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. தையல் இயந்திரத்தின் ஊசி மாதிரி அவை சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அவற்றில் ஒன்று மட்டும் குத்தவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, தண்ணீரைப் பெருக்குவது மாதிரி நடந்தது. வலது கண்ணை வைத்துப் பார்த்தேன். திரும்பி என்னை நோக்கி நின்றது. மூக்கின் நுனி தட்டையாக, அகலமாக, கருப்புக் கரண்டியாக இருந்தது. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததாகச் சங்கத்தின் பழைய இதழ்களில் இல்லை.

உடனே வலது பக்கம் திரும்பி, “பாருங்க!” என்றேன்.

அங்கே ஒரு கண்டல் மரம் இருந்தது. அதற்குப் போய் மரியாதைப் பன்மை வேறு.

சேற்றில் என்னென்னவோ சத்தம் உண்டு. நண்டு இலையை வளைக்குள் இழுக்கும் சத்தம், நீர் வடியும் சத்தம். அன்று அவையெல்லாம் தெளிவாகக் கேட்டன. அந்தப் பறவை அதற்குப் பிறகும் நெடுநேரம் மேய்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆனால் அது பாதி வழியில் நின்றுவிட்ட சந்தோஷம். இறங்கிப் போக இடமில்லாத சந்தோஷம்.

பஸ் நிறுத்தத்துக் கடையிலிருந்து சங்கத்துச் செயலாளர் அம்மாளுக்குப் போன் செய்தேன். வீட்டு வேலைக்காரி எடுத்தாள். மூவாரில் கருநாரை ஒன்று வந்திருக்கிறதாம். சங்கமே காரில் ஏறி ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. வாரம் முழுக்க அங்கேதானாம். என் கரண்டிமூக்கன் மறுநாளும் அங்கேயே இருப்பான், அடுத்த ஞாயிறு இருப்பான் என்பதற்கு உத்தரவாதமில்லை. அவனுக்கும் ஊருக்குப் போகும் வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு ஜோடிக் கண்கள் உடனே தேவைப்பட்டன.

யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை; ஆட்கள் குறைவு. கிடங்கில் என் பக்கத்து மேசைக்காரர் கத்தோலிக்கர், நல்ல மனிதர். திங்கட்கிழமை அவரிடம் கேட்டேன். “தவக்காலம் ஆரம்பிச்சாச்சுப்பா. இப்ப உல்லாசமா எங்கயும் போகக்கூடாதுன்னு வீட்டுல கண்டிஷன்” என்றார். முழங்கால் சேற்றில் நிற்பதை உல்லாசம் என்று அவர் நினைத்ததே எனக்குப் பெருமையாக இருந்தது. மிஞ்சியவர் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தும்முகிறவர்.

அவர் சாலையில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். என்னைவிடச் சில வயது மூத்தவர். மனைவி புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில்; வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சாலையில் எல்லாரும் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். காரணம், அவரிடம் ஒரு கோட்டு இருந்தது. பதிவுத் திருமணம் என்றால் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடுவார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பெண் வீட்டார் மலாயா தோட்டங்களிலிருந்து வந்தால், கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் பேசுவார். அவர் வாய்க்குள் போய் வெளியே வந்த மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடியிருக்கும், படிப்புக் கூடியிருக்கும், சிலருக்கு உயரமே கூடியிருக்கும். அந்தக் கல்யாணங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணே, ஒரு சாட்சி வேணும்.”

அவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. “கிராணி! சொல்லவே இல்லையேலா! பொண்ணு யாரு?”

“பொண்ணு இல்லண்ணே. பறவை.”

மேசையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தது. ஒருவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் சிரித்தார்.

“என்ன பறவை?”

“உள்ளான். ஒரு தினுசு உள்ளான்.”

“ஊர்ல பிடிச்சு வறுத்துத் தின்போம். மிளகு போட்டா எலும்போட கடிக்கலாம்” என்றார் மெஸ்காரர், அண்டாவுக்குப் பின்னாலிருந்து.

“இது சைபீரியாவுலேர்ந்து வந்தது.”

“அப்ப கொஞ்சம் முத்தலா இருக்கும். நல்லா வேக வைக்கணும்.”

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “சும்மா இருங்கப்பா. கிராணி ஒரு நாளாவது எங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்குமா? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு.”

“கையெழுத்து அப்புறம். முதல்ல நீங்க அதைப் பார்க்கணும்.”

“பார்க்கணுமா?” அவருக்குப் புரியவில்லை. “நீதான் பார்த்துட்டியே. உன்னை நான் நம்பறேன். நம்பிக்கை இல்லாதவன்தான் பார்க்கணும்பான்.”

இவ்வளவு அழகாக யாரும் என்னிடம் பேசியதில்லை. அதனால்தான் அவருடைய தகுதியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல் விட்டேன் போலிருக்கிறது.

மறுநாள் நான் கிடங்கில் வயிற்றுவலி சொன்னேன்; அவர் கடையில் ஒரு கல்யாணம் என்று சொன்னார். கோட்டோடு வந்தார். வேட்டி, கோட்டு, குடை, கையில் இட்லி அடுக்கிய தூக்கு. இறால் குட்டைக்காரர்களின் நாய்கள் என்னைப் பார்த்து எப்போதும் குரைப்பவை. அன்று கோட்டைப் பார்த்து ஒதுங்கி நின்றன. சேற்று விளிம்பில் செருப்பைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினார், கோயிலுக்கு வெளியே விடுவது மாதிரி. கோட்டை மட்டும் கழற்றவில்லை.

கரண்டிமூக்கன் இருந்தான். அதே இடம், அதே பெருக்கல். இடத்தை விளக்கினேன்: அந்த முளைக்குச்சி, அதற்கு இடது பக்கம் பளபளவென்று ஒரு நீர்த்தேக்கம், அதன் ஓரம். பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அவர் பார்க்கும்போது நான் பார்க்க முடியாது.

அவர் இரண்டு கண்ணையும் திறந்து, வாயையும் திறந்து பார்த்தார்.

“தெரியுதா அண்ணே?”

“ஆங்... ஆமா ஆமா.”

“தலையை ஆட்டுதா?”

“ஆட்டுது, ஆட்டுது. நல்லா ஆட்டுது.”

“மூக்கு? கரண்டி மாதிரி?”

“அடேயப்பா!” என்றார்.

அவர் பைனாகுலரைப் பிடித்திருந்த திசையில் தூரக் கடலில் ஒரு கேலோங் இருந்தது. கம்புகளை நட்டு மீன் பிடிக்கும் கூடம். அதில் ஒரு கிழவர் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் குழாயை மெல்ல இடது பக்கம் திருப்பினேன். அவர் மரியாதையாக என்னோடு திரும்பினார். “ஆமா ஆமா” என்பதில் மாற்றமில்லை. பிறகு இருவரும் ஒரு கட்டையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். பக்கத்தில் ஒருவர் மென்றுகொண்டிருக்க அந்தச் சேற்றைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அவர் பறவையைப் பார்க்கவில்லை என்று தெரிந்தும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடலாம் என்று ஆகிவிடுமே.

இடத்தையும் பறவையையும் வருணித்துச் சங்கத்துக்கு எழுதிப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை மாலை தலைவர் எங்கள் இருவரையும் தம் பங்களாவுக்குத் தேநீருக்கு அழைத்தார். கருநாரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். முதலில் என்னை விசாரித்தார்கள். நான் சொல்லச் சொல்லச் செயலாளர் அம்மாளின் பென்சில் வேகமாக ஓடியது. தலைவர் முன்னால் சாய்ந்து கேட்டார். ஒருமுறை “அருமை” என்றுகூடச் சொன்னார். பிறகு பிரம்பு நாற்காலியில் கோட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அண்ணன் பக்கம் திரும்பினார்.

“அவர் பார்த்ததை அவர் வார்த்தையிலேயே சொல்லட்டும். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்.”

என் சாட்சிக்கு நானே துபாஷி. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

“எவ்வளவு பெருசுன்னு கேக்குறாங்கண்ணே.”

அண்ணன் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். “நல்ல பெருசுன்னு சொல்லு.”

“எவ்வளவு?”

“அவங்க எவ்வளவு எதிர்பார்க்குறாங்க?”

“அண்ணே, நீங்க பார்த்ததைச் சொல்லுங்க.”

“சரி, இடுப்பளவுன்னு சொல்லு. நின்னா. இன்னும் வளர்ற வயசுதான்னும் சேர்த்துக்க.”

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். சிட்டுக்குருவி அளவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பறவை இதழில் ஏறிவிடும், பக்கத்தில் என் பெயரும். என்னைத் தடுத்தது நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். துணிக்கடைக்காரரான அண்ணனுக்கு ஆங்கிலத்தில் தெரிந்த சில சொற்களில் பிக், ஸ்மால் இரண்டும் உண்டு. அவர் பிக் என்பதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை நம்பித்தான் வந்திருந்தார். அதோடு, அந்தச் சேற்றில் நான் உண்மையிலேயே பார்த்த பறவை, பொய்யில் ஏறி உள்ளே வந்தால் அப்புறம் எனக்கே அது பொய்யாகிவிடும் என்று தோன்றியது. இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்றுவரை தெரியவில்லை.

“பிக்” என்றேன். “இடுப்பு உயரம் என்கிறார்.”

பென்சில் நின்றது. அண்ணன் திருப்தியாகத் தலையசைத்தார்.

“அலகு?” என்றார் தலைவர், மிகவும் மெதுவாக.

“மூக்கா? குழம்புக் கரண்டி கணக்கா இருந்துச்சு. எவர்சில்வர். தகதகன்னு.”

மொழிபெயர்த்தேன். எவர்சில்வரை மட்டும் விட்டுவிட்டேன். அவ்வளவு சலுகை எனக்கு உண்டு என்று நினைத்தேன்.

“தலை எப்படி இருந்தது?”

அண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை தலைவரின் தலையில் வந்து தங்கியது. “தலைல முடியே இல்லைன்னு சொல்லு. ஆனா பார்க்க லட்சணமா இருந்துச்சுன்னு சொல்லு.”

அதையும் சொன்னேன். தலைவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். “உங்கள் நண்பர் சொல்வது உங்கள் சாலைக்குப் பெயர் கொடுத்த நாரையை. அது இங்கிருந்து போய் நெடுங்காலமாயிற்று” என்றார். பிறகு அண்ணனிடம் தாமே கேக் தட்டை நீட்டினார். அண்ணன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் கேட்டார்: “எப்படி? முடிச்சிட்டோமா?”

“நல்லா சொன்னீங்கண்ணே.”

“கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னா மதிக்க மாட்டாங்க. நம்ம பக்கத்துப் பையனை நாமளே குறைச்சுச் சொல்றதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சீனப் புத்தாண்டின் மிச்சப் பட்டாசை யாரோ எங்கோ கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு தலைவரே என்னோடு வந்தார். நீர் வற்றி, மறுபடி ஏறும் வரை நின்றார். கரண்டிமூக்கன் போய்விட்டிருந்தான். “அடுத்த வருடம்” என்று என் தோளைத் தட்டினார்.

இதழ் வந்தது. மூவார்க் கருநாரை முதல் பக்கத்தில், பார்த்தவர்கள் பட்டியலோடு. கலங்கரை விளக்கத்து வெளிச்சத்தில் மோதி விழுந்த நாணல் குருகு, காவலர்கள் இருவரின் உபயம். கன்னியாஸ்திரிகளின் தோட்டத்தில் ஒரு நீலச்சிறகுப் பொன்னுத்தொட்டான். கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில்: சிராங்கூன் சேறு, கரண்டிமூக்கு உள்ளான் ஒன்று, பார்த்தவர் ஒருவர் மட்டும், ஏற்கப்படவில்லை.

ஒருவர் மட்டும். என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் எழுதியதில்லை.

அடுத்த மாசியில் அதே சேற்றில், நான் எழுதியிருந்த அதே முளைக்குச்சிக்கு இடது பக்கம், ஒரு ராணுவ அதிகாரியும் அவர் மனைவியும் கரண்டிமூக்கனைப் பார்த்தார்கள். இருவர் வருணனையும் ஒத்துப்போயிற்று. இந்த வட்டாரத்தில் முதன்முறையாக என்று இதழின் முதல் பக்கத்தில் வந்தது. பறவை பார்ப்பதற்காகவாவது கல்யாணம் செய்துகொண்டிருக்கலாம் என்று அன்று எனக்கு முதன்முதலாக ஒரு நல்ல காரணம் கிடைத்தது. கிடைத்தபோது தலை நரைத்திருந்தது.

நான் போவதை நிறுத்தவில்லை. அறுபதுகளில் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த சமயம், கடலோரத்தில் பைனாகுலரோடு நின்ற என்னை ஒரு மலாய்ப் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். தனியாகவா வந்தாய் என்றார். ஆமாம் என்றேன். கூட யாருமில்லையா என்றார். இல்லை என்றேன். யாருமில்லாமல் ஒருவன் எதற்கு இங்கே வர வேண்டும் என்று அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். பறவை என்று சேற்றைக் காட்டினேன். அவர் பைனாகுலரை வாங்கிப் பூஞ்சணக் குழாய் வழியே ஒரு முறை பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு எவனும் உளவு பார்க்க முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார்.

அதற்குள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறு ஆள் வந்துவிட்டார். தும்மாதவர். அண்ணனுக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்து, மனைவியும் கப்பலில் வந்து சேர்ந்திருந்தார். ஒரு மாசி ஞாயிறு சாப்பிட அழைத்தார்கள். அன்று வேறு இரண்டு உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். கறிக்குழம்புக்கு நடுவே அண்ணன் வழக்கம்போலத் தொடங்கினார்: “நானும் கிராணியும் ஒரு பறவை பார்த்தோம் பாருங்க, வெள்ளைக்காரனே எழுந்து நின்னுட்டான்.” பறவை இப்போது ஆள் உயரம் வந்திருந்தது. அண்ணி எனக்கு மறுபடி சோறு போட்டுக்கொண்டே, “இவரு பேச்சை நம்பாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகிட்டயும் இப்படித்தான் பேசினாரு” என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் வெளித் தாழ்வாரத்தில் நின்றோம். கீழே சின்னச் சின்னதாகப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கட்டடத்தில் மூங்கில் கழிகளில் துணிகள் ஆடின. அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே கீழே பார்த்தபடி சொன்னார்:

“கிராணி. அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. புகை மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு கிழவன் தெரிஞ்சான்.”

“தெரியும்ணே.”

“தெரியுமா?” கை நின்றது. “தெரிஞ்சும் அந்தத் துரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனியா?”

“வேற யாரைக் கூட்டிட்டுப் போறது?”

அவர் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். “அப்ப அந்தப் புஸ்தகத்துல போடலியா நம்மளை?”

“இல்லண்ணே.”

“இத்தனை வருஷமா நான் ஊர் பூரா சொல்லிட்டிருக்கேன். நீயும் பக்கத்துல உக்காந்து தலையை ஆட்டிட்டிருக்கே.”

“நல்லாத்தான் சொல்றீங்க.”

உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டார், காப்பி ஆறுகிறதாம். அண்ணன் நகரவில்லை. கைப்பிடிச் சுவரின் மறுகோடியில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து, எங்கள் இருவரையும் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“அது என்ன?” என்றார்.

“மைனா.”

அவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அது பறந்து போகும் வரை பார்த்தார். “கண்ணுக்கு மேல கருப்பு. மஞ்ச மூக்கு. ஒரு சாண் இருக்கும், கூட்டிச் சொல்லலை. எழுதிக்க. நான் சாட்சி.”

சாயங்காலம் பஸ்ஸில் சிராங்கூன் சாலைக்குத் திரும்பினேன். அறையில் விளக்கைப் போட்டு, சங்கத்துக்கு எழுதினேன்: குவீன்ஸ்டவுன், மைனா ஒன்று, பார்த்தவர்கள் இருவர், வருணனை ஒத்துப்போகிறது. தபாலில் சேர்த்தும் விட்டேன்.

இதழில் அது வரவில்லை. சாதாரணப் பறவைகளை அவர்கள் போடுவதில்லை.